பதவி உயர்வும் பேருந்துத் தொலைவும்: பள்ளித் தலைமையில் பெண்கள்

தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் பெண்கள். இந்தியா முழுவதும் 2024-25ஆம் கல்வியாண்டில் ஆசிரியர் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. அதில் பெண்களின் பங்கு 54.2 விழுக்காடு. கற்பித்தல் பெண்களின் தொழிலாகிவிட்டது. பள்ளியை நடத்தும் பொறுப்பு இன்னும் அப்படி ஆகவில்லை. தொடக்கப்பள்ளியில் பெண் தலைமையாசிரியர் எங்கும் காணக்கூடியவர். நடுநிலை, உயர்நிலை, மேல்நிலை என்று படி ஏற ஏற அவர் அருகிவருகிறார். இருபாலரும் படிக்கும் பெரிய மேல்நிலைப்பள்ளிகளிலும் அவற்றுக்கு மேலுள்ள கல்வி அலுவலகங்களிலும் இது கண்கூடு.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய குறை அன்று. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018இல் நடத்திய 'டாலிஸ்' ஆசிரியர் ஆய்வில், நடுநிலை வகுப்புகளுக்குக் கற்பிப்போரில் சராசரியாக 68 விழுக்காட்டினர் பெண்கள். அதே பள்ளிகளின் முதல்வர்களில் பெண்கள் 47 விழுக்காடுதான். ஆசிரியரிடையே உள்ள பங்கைவிடத் தலைவரிடையே பெண்களின் பங்கு சராசரியாகக் குறைந்தது 20 விழுக்காட்டுப் புள்ளிகள் தாழ்ந்திருப்பதாக யுனெஸ்கோவின் 2025ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இலங்கையிலும் ஆசிரியர் பணியில் பெண்களே பெரும்பான்மையினர். பள்ளி முதல்வரைக் குறிக்கும் அதிபர் பதவிகளில் நிலைமை வேறு.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு: பெண்கள் பொறுப்பேற்கத் தயங்குகிறார்கள், நிர்வாகத் தலைவலி அவர்களுக்கு வேண்டாம் என்பது. இந்த விளக்கம் தவறானது. வேலை செய்கிறவர்கள் மீது பழியைப் போட்டு அமைப்பைத் தப்பவிடுவது. தமிழக அரசுப் பள்ளிகளில் ஒரு பெண் தலைமைப் பதவியை இழக்கும் இடம் வகுப்பறையும் அன்று, தேர்வுக்கூடமும் அன்று. பதவி உயர்வுக் கலந்தாய்வில்தான் பெரும்பாலும் அதை இழக்கிறார். பட்டியலில் பெயர் வந்த பிறகு, காலிப் பணியிடம் எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்த பிறகு இழக்கிறார்.

இதைப் புரிந்துகொள்ளப் பதவி ஏணியின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். தொடக்கக் கல்வியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்பவர் முன்னுரிமைப் பட்டியலின்படி தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் ஆகலாம். உரிய பட்டம் இருந்தால் பட்டதாரி ஆசிரியராகி நடுநிலைப்பள்ளித் தலைமைக்குச் செல்லலாம். அங்கிருந்து வட்டாரக் கல்வி அலுவலர் பதவி திறக்கும். பள்ளிக் கல்வியில் பட்டதாரி ஆசிரியரும் முதுகலை ஆசிரியரும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமைகளுக்கும், பின்னர் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் பதவிகளுக்கும் உயர்கிறார்கள். வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் பணியிடங்களில் ஒரு பகுதி நேரடித் தேர்வால் நிரப்பப்படுகிறது. மற்றவை பெரும்பாலும் பணிமூப்பின் வழியே கிடைப்பவை.

நேரடித் தேர்வுக்கும் பணிமூப்புக்கும் உள்ள வேறுபாடு பெண்களைப் பொறுத்தவரை மிகப் பெரியது. அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடு 1989இல் தமிழ்நாட்டில் வந்தது. அதை 40 விழுக்காடாக உயர்த்தும் அறிவிப்பு 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் வெளியானது. இந்த ஒதுக்கீடு நேரடி நியமனத்துக்கு மட்டுமே உரியது; பதவி உயர்வுக்குப் பொருந்தாது. வாசலில் அரசு கதவைத் திறந்து பிடித்தது. மாடிப்படியைப் பெண்கள் தாங்களாகவே ஏறிக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, வாசலில் நுழைந்தவர்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் பெருமைப்படுவது போதாது.

பெண்கள் பள்ளித் தலைமைக்கு வந்த வரலாற்றைப் பார்த்தால், அவர்கள் வந்த இடங்களிலெல்லாம் தங்குமிடமும் பாதுகாப்பும் பயிற்சியும் ஒருங்கே அமைந்திருந்தன. சகோதரி சுப்புலட்சுமி இதற்கு முதல் சான்று. 1886இல் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே கணவரை இழந்த அவர், 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே சாரதா மகளிர் சங்கத்தை நிறுவி, இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். அந்த விடுதி பின்னர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உள்ள ஐஸ்ஹவுஸ் கட்டடத்துக்கு மாறியது. 1922இல் லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் முதல்வர் ஆனார். ஒரு பெண் ஆசிரியை ஆக வேண்டுமானால் அவள் எங்கே தங்குவாள், எப்படிப் பள்ளிக்குப் போவாள் என்ற கேள்விக்கு விடை காண வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். விடுதி, பள்ளி, பயிற்சிக் கல்லூரி மூன்றையும் அவர் ஒரே சங்கிலியாகவே பார்த்தார். பின்னாளில் அரசு பெருமளவில் பெண்களை ஆசிரியர்களாக்கியபோது, இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியான தங்குமிடத்தைக் கைவிட்டது.

கோவையில் இதே வரலாறு வேறு வடிவில் நடந்தது. சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் 1957இல் பெண்களுக்கான மனையியல் கல்லூரியைத் தொடங்கினார். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஊட்டச்சத்து அறிஞர் ராஜம்மாள் பா. தேவதாஸ் அதன் முதல்வராகி, அதைப் பெண்களாலேயே நடத்தப்படும் பெரும் நிறுவனமாக வளர்த்தார். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானபோது துணைவேந்தர் பொறுப்பும் அவரிடமே வந்தது. 1992இல் பத்மஸ்ரீ பெற்றார். கொங்கு நாட்டில் ஒரு பெண் பெரிய கல்வி நிறுவனத்தை நடத்த முடியுமா என்ற ஐயத்துக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. ஆனால் இந்த வெற்றி பெண்களுக்கான நிறுவனத்தில் கிடைத்த வெற்றி என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அரசுப் பள்ளிகளிலும் பெண்கள் பள்ளிகளின் தலைமை பெண்களுக்கு வருவதே வழக்கம். கோவை உக்கடத்துக்கு அருகே ராஜ வீதியில் உள்ள துணி வணிகர் சங்க அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி போன்றவை பல தலைமுறைப் பெண் ஆசிரியர்களுக்கு நிர்வாகப் பழக்கம் தந்த களங்கள். நகரத்தின் நடுவே இத்தகைய பள்ளிகள் சில இருக்கின்றன. மாவட்டத்தின் மற்றப் பள்ளிகள் பெரும்பாலும் இருபாலர் பள்ளிகள். அவற்றில் பலவும் பேருந்து குறைவாகச் செல்லும் ஊர்களில் உள்ளவை.

உக்கடம் பேருந்து நிலையம் இந்தச் சிக்கலைக் கண்ணால் காணக்கூடிய இடம். பொள்ளாச்சி, உடுமலை, பழனி, பாலக்காடு மார்க்கத்துப் பேருந்துகள் இங்கிருந்து புறப்படுகின்றன. காலை வேளையில் கைப்பையும் சாப்பாட்டுப் பையுமாக ஏறும் பெண்களில் கணிசமானோர் ஆசிரியைகள். கோட்டைமேடு, கரும்புக்கடை, குனியமுத்தூர், செல்வபுரம் பகுதிகளில் வீடு. மதுக்கரையிலோ கிணத்துக்கடவிலோ பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்திலோ பள்ளி. பொள்ளாச்சி 40 கிலோமீட்டர். அங்கிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. கோவையிலிருந்து மொத்தம் 100 கிலோமீட்டருக்கு மேல். ஒரே வருவாய் மாவட்டம் என்பதால் நிர்வாகத்தின் கணக்கில் வால்பாறைப் பள்ளி 'உள்ளூர்'ப் பணியிடம். தினமும் போய்த் திரும்ப முடியாத தொலைவு அது. உக்கடத்தில் வசிக்கும் ஆசிரியைக்கு அதை ஏற்பதென்றால் குடும்பத்தை விட்டுத் தனியே வீடெடுத்துத் தங்குவது என்று பொருள்.

சாதாரண ஆசிரியராக இருக்கும்வரை முதல் மணி அடிப்பதற்குள் பள்ளியில் இருந்தால் போதும். தலைமையாசிரியர் அதற்கு முன்பே வந்தாக வேண்டும். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தபின், தொடக்கப்பள்ளித் தலைமையின் நாள் இன்னும் முன்னதாகத் தொடங்குகிறது. மாலையில் பெற்றோர் கூட்டம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், ஒப்பந்தக்காரருடன் பேச்சு, வட்டாரக் கல்வி அலுவலகத்தில் ஒரு கையெழுத்து என நேரம் நீள்கிறது. ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியருக்கு வகுப்பும் உண்டு. எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்ற வேண்டிய விவரங்கள் தனி. பதவி உயர்வால் ஊதியம் சிறிதளவே கூடுகிறது. பயணமும் பொறுப்பும் பல மடங்கு கூடுகின்றன. வீட்டில் சமையலும் குழந்தைகளின் படிப்பும் முதியோர் பராமரிப்பும் பெண்ணின் தலையிலேயே இருக்கும்போது இந்தக் கணக்கு எப்படி முடியும் என்பது எவருக்கும் தெரியும். அப்போது எழுதப்படுவதுதான் உரிமைவிடல் கடிதம். பதவி உயர்வைத் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ துறப்பதாகக் கையெழுத்திட்டுவிட்டு, பழைய பள்ளியிலேயே அவர் தொடர்வார். பட்டியலில் அவருக்குக் கீழே இருந்தவர் மேலே போவார். கோப்பில் இது 'சொந்த விருப்பம்' என்று பதிவாகும். ஆனால் அந்த விருப்பத்தை உருவாக்கியது தொலைவு.

இந்தப் பின்னணியில்தான் அரசாணை எண் 243 எழுப்பிய பெரும் விவாதத்தைப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 21 அன்று வெளியான அந்த ஆணை, தொடக்கக் கல்வி ஆசிரியர்களின் பணிமூப்பை ஒன்றிய அளவிலிருந்து மாநில அளவுக்கு மாற்றியது. அதுவரை ஒரு ஒன்றியத்தில் பணியாற்றும் இடைநிலை ஆசிரியர் அந்த ஒன்றியத்துக்குள்ளேயே தலைமையாசிரியர் ஆகும் வாய்ப்பைப் பெற்றிருந்தார். மாற்றத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. காலியிடம் அதிகமுள்ள ஒன்றியத்தில் ஒருவர் விரைவாக உயர்ந்துவிட, பக்கத்து ஒன்றியத்தில் அவரினும் மூத்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நிலை பழைய முறையில் உண்டு. மாநிலப் பட்டியல் அந்த ஏற்றத்தாழ்வை நீக்கும். ஆனால் பதவி உயர்வு வேறு மாவட்டத்தில் வாய்க்கும் நிலையையும் அது உருவாக்கும். டிட்டோஜேக் என்ற பெயரில் இணைந்த தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்கள் சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் தலைமையகமான டிபிஐ வளாகத்தில் 2024 ஜூலையில் நடத்திய போராட்டம் உட்படத் தொடர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தன. தொடக்கக் கல்வியில் பெண்களே மிகப் பெரும்பான்மையினர் என்பதால் பாதிப்பும் அவர்களுக்கே மிகுதி என்பது அவற்றின் முதன்மையான வாதங்களுள் ஒன்று.

அந்த வாதம் சரியானது. வரிசை எண்ணில் சமத்துவம் வந்துவிட்டால் வாய்ப்பில் சமத்துவம் வந்துவிடாது. தொலைவைத் தாங்கும் வலிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் சமூகம் ஒரே அளவில் தரவில்லை. ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் இடையே மாவட்டம் என்றோர் அலகு இருக்கிறது. பணிமூப்பை மாவட்ட அளவில் வைத்து, வால்பாறை போன்ற மலைப்பகுதிப் பணியிடங்களுக்கு வீட்டுவசதியும் திட்டமான கால வரையறையும் தந்து, காலம் முடிந்ததும் சமவெளிக்குத் திரும்பும் உறுதியை எழுத்தில் அளித்தால், மூத்தோருக்கு நீதியும் பெண்களுக்கு வாய்ப்பும் ஒருசேரக் கிடைக்கும். தொலைவான பணியிடங்களைப் பெண்கள் ஏற்கவே மாட்டார்கள் என்பதில்லை. எத்தனை ஆண்டு, எங்கே தங்குவது, பிறகு எங்கே என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் ஏற்பவர்கள் பலர்.

தொலைவுக்கு அடுத்தது காலம். ஆசிரியப் பணியில் சேரும் பெண்ணுக்குத் தகுதிகாண் பருவமும் மகப்பேறும் பெரும்பாலும் ஒரே வயதில் வருகின்றன. தமிழ்நாட்டில் மகப்பேறு விடுப்பு 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021இல் பன்னிரண்டு மாதமாகவும் உயர்ந்தது. இந்தியாவில் முன்னோடியான சலுகை இது. ஆயினும் விடுப்புக் காலம் தகுதிகாண் பருவத்தில் சேர்க்கப்படாததால், குழந்தை பெற்றவர் பணிவரன்முறையில் பின்தங்கினார். ஒரே நாளில் சேர்ந்த ஆண் ஆசிரியர் முந்தினார். குழந்தை பெற்றதற்கான தண்டனையைப் பெண்கள் இருபது ஆண்டு கழித்து முன்னுரிமைப் பட்டியலில் அனுபவித்தார்கள் என்றால் அது மிகையன்று. மகப்பேறு விடுப்பைத் தகுதிகாண் பருவத்தில் கணக்கிடும் அறிவிப்பு 2025 ஏப்ரல் 28 அன்று சட்டப்பேரவையில் வந்தது. பெண்களின் பதவி உயர்வுக்காக அண்மையில் எடுக்கப்பட்ட முடிவுகளில் இதுவே மிக ஆழமானது. இதன் பலன் பட்டியல்களில் முழுமையாகத் தெரியப் பல ஆண்டுகள் ஆகும்.

மூன்றாவது தடை தேர்வுகள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமைக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் துறைத் தேர்வுகளில் தேர்ச்சி வேண்டும்: கல்வித் துறை நிர்வாகம், அரசுக் கணக்கு ஆகியவை. இப்போது எட்டாம் வகுப்புவரை கற்பிப்போருக்கு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வும் சேர்ந்துள்ளது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்து ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் தேர்ச்சியின்றிப் பணியில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. ஐம்பது வயதைத் தொட்ட ஆசிரியைக்கு மாலையில் புத்தகத்தைத் திறக்க நேரம் எங்கே? விடுமுறையில் நடக்கும் வகுப்புகள், வட்டார வள மையங்களில் மாதிரித் தேர்வுகள், படிப்புக்கென்று சில நாள் பணிவிடுப்பு என்பன அரசால் எளிதில் தரக்கூடியவை. தனியார் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டிப் போகும் வசதியும் நேரமும் உள்ளவர்களுக்கே தலைமை என்று ஆகிவிடக்கூடாது.

பள்ளிக்குள்ளேயே நடக்கும் வேலைப் பங்கீடு குறித்து அதிகம் பேசப்படுவதில்லை, பேசப்பட வேண்டும். ஆண்டுவிழா, கோலப்போட்டி, மாணவியரின் ஒழுங்கு, வரவேற்புக் குழு ஆகியவை ஆசிரியைகளிடம் போகின்றன. கால அட்டவணை, பொதுத் தேர்வுப் பணி, கட்டட வேலை, நலத்திட்டப் பொருட்களின் இருப்புப் பதிவேடு, களஞ்சியம் செயலி வழியான சம்பளப் பட்டியல், கருவூல அலுவலகம் ஆகியவை ஆண் ஆசிரியர்களிடம் போகின்றன. இருபது ஆண்டு கழித்துப் பதவி உயர்வு வரும்போது ஒருவருக்குப் பள்ளி நிர்வாகத்தில் இருபது ஆண்டுப் பழக்கம் இருக்கிறது; இன்னொருவருக்கு இல்லை. பிறகு 'அம்மாவுக்கு ஆபீஸ் வேலை தெரியாது' என்று சொல்வது எவ்வளவு அநியாயம்! இதைச் சரிசெய்ய அரசாணைகூடத் தேவையில்லை. இருக்கும் தலைமையாசிரியர் ஆண்டுதோறும் பொறுப்புகளைச் சுழற்சி முறையில் மாற்றினால் போதும். விடுப்பிலோ பயிற்சியிலோ அவர் இருக்கும் நாட்களில் பொறுப்புத் தலைமையை மூத்த ஆசிரியைக்குத் தருவதும், மேல்நிலைப்பள்ளியில் உதவித் தலைமையாசிரியர் பொறுப்பைப் பெண்களுக்கும் முறையாக வழங்குவதும் ஒரு பைசா செலவில்லாத பயிற்சி. குறுவள மையக் கூட்டங்களில் புதிதாகப் பொறுப்பேற்ற பெண்களோடு அனுபவமுள்ள பெண் தலைமையாசிரியர் ஒருவரை இணைத்துவிட்டால், தணிக்கைக் குறிப்புக்குப் பதில் எழுதுவது முதல் உள்ளூர்ப் பெரிய மனிதரின் குறுக்கீட்டைச் சமாளிப்பது வரை கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள் கிடைப்பார்.

குறுக்கீடும் பாதுகாப்பும் தனியே கவனிக்கத்தக்கவை. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடங்களில் உள்ளகக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. ஈராசிரியர், மூவாசிரியர் பள்ளிகள் அந்த வரம்புக்குள் வரவே மாட்டா. அங்கே தனியாக இருக்கும் பெண் தலைமையாசிரியர் மாவட்ட அளவிலான குழுவைத்தான் நாட வேண்டும். அப்படி ஒரு குழு இருப்பதும், அதன் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு பள்ளியிலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009 பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தாய்மார்கள் தீவிரமாக இயங்கும் ஊர்களில் பெண் தலைமையாசிரியரின் சொல்லுக்குத் துணை நிற்கும் குரல்கள் ஊருக்குள்ளேயே கிடைக்கின்றன.

தனியார் பள்ளிகளுக்கு வந்தால், கோவையின் மெட்ரிக், சிபிஎஸ்இ பள்ளிகளில் பெண் முதல்வர்கள் ஏராளம். ஆயினும் நியமனம், கட்டணம், சம்பளம் ஆகியவற்றை முடிவு செய்வது பெரும்பாலும் தாளாளரும் அவர் குடும்பமும். பொறுப்பு முதல்வரிடம், அதிகாரம் தாளாளரிடம் என்ற ஏற்பாட்டைத் தலைமை என்று எண்ணிக்கையில் சேர்ப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

பெண் தலைமையால் பள்ளிக்கு என்ன பயன் என்பதற்கும் சான்றுகள் உண்டு. யுனிசெஃப் ஆய்வு மையம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் பெண்கள் நடத்தும் பள்ளிகளின் குழந்தைகள் கற்றலில் முன்னிற்பதைக் காட்டியது. மேற்கு வங்கத்தில் ஊராட்சித் தலைமை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களை ஆராய்ந்து, லோரி பீமன், எஸ்தர் டஃப்லோ, ரோகிணி பாண்டே, பெட்டியா டோப்பலோவா நால்வரும் 2012இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினர். இருமுறை பெண் தலைமை கண்ட ஊர்களில் மகளுக்கும் மகனுக்கும் இடையே பெற்றோர் வைத்திருந்த எதிர்பார்ப்பு வேறுபாடு குறைந்தது. பள்ளிப்படிப்பில் சிறுவர்-சிறுமியர் இடைவெளி மறைந்தது. ஊராட்சித் தலைவரைச் சிறுமி எப்போதாவதுதான் பார்ப்பாள். தலைமையாசிரியரைத் தினமும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பார்க்கிறாள். கோட்டைமேட்டிலும் கரும்புக்கடையிலும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி தரும் துணிவு பெரியது.

இவற்றில் எதைத் தொடங்கினாலும் முதல் வேலை ஒன்று உண்டு. அதற்குப் பணமும் வேண்டாம். உரிமைவிடல் கடிதங்கள் ஒவ்வொரு மாவட்ட அலுவலகத்திலும் கோப்புகளில் கிடக்கின்றன. எழுதியவர் ஆணா பெண்ணா, வயது என்ன, வீட்டுக்கும் மறுத்த பணியிடத்துக்கும் தொலைவு எவ்வளவு, பேருந்து எத்தனை மாற வேண்டும், அந்த ஊரில் தங்க வசதி உண்டா என்று வட்டாரம் வட்டாரமாகத் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கலந்தாய்வே இணையத்தில் நடக்கும் காலத்தில் இது சில நாள் வேலை. எந்தப் பணியிடங்களைப் பெண்கள் திரும்பத் திரும்ப மறுக்கிறார்கள் என்ற பட்டியல் கையில் வந்துவிட்டால், எந்த ஊரில் குடியிருப்புக் கட்டுவது, எந்தத் தடத்தில் காலை ஏழு மணிக்கு ஒரு பேருந்து கூடுதலாக விடுவது, எந்தப் பணியிடத்துக்குக் கால வரையறை வைப்பது என்பதைக் கல்வித் துறையும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து முடிவு செய்யலாம்.